பாலத்தில் ஒதுங்கியவர்

நெல்லிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
தெல்தெனிய.
2025 ஜூன் 4

யோகராஜுக்கு,

அன்புள்ள என்று எழுதவில்லை, கவனித்துக்கொள். போனில் பேசினால் "அக்கா, மீட்டிங்கில இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உன் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. அந்தப் புத்தகத்தின் அட்டையில் உன் அலுவலக விலாசம் இருந்தது, அதற்கே அனுப்புகிறேன்.

எந்தப் புத்தகம் என்று கேட்பாய். மகள் டிலானியின் அடையாள அட்டை விஷயமாக நேற்று பிரதேச செயலகத்துக்குப் போனேன். பல்லேகல கார்மெண்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போன எனக்கு அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூலையில் ஒரு மேசை. அதன்மேல் நூலால் மேசைக்காலோடு கட்டிவைத்த ஒரு பெரிய புத்தகம். தெல்தெனியவிலிருந்து மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் எங்கள் வீதியையும் அதிலுள்ள பாலங்களையும் திருத்துவதற்கான ஆய்வு. மக்கள் வாசித்துக் கருத்து எழுதலாம் என்று சுவரில் ஒட்டியிருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முழுதாக இருக்கிறது. தமிழில் கடைசியில் சில பக்கங்கள்.

நின்றபடியே வாசித்தேன். கித்துல் ஓயா ஆற்றுப் பாலத்தை இரண்டு வாகனம் ஒரே நேரத்தில் போகும்படி அகலமாக்கப் போகிறார்களாம். நல்லது. நடைபாதை? "தேவை காணப்படவில்லை." ஏன்? கடந்த ஐந்து வருடத்தில் பாலத்தில் பாதசாரி உயிரிழப்பு: "இல்லை." அதற்கு அடுத்த பக்கத்தில் ஆய்வு செய்தவர்களின் பெயர்கள். நான்காவது பெயர் உன்னுடையது.

என் புருஷன், உன் மச்சான் இளங்கோ அந்தப் பாலத்திலிருந்து விழுந்து செத்தது 2023 ஒக்டோபரில். நீ கொழும்பிலிருந்து வந்தாய். பெட்டிக்கு ஒரு தோள் கொடுத்தாய். பிறகு வாசலில் கதிரையில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் இனி இந்த வீட்டுக்கு வராதே என்றேன். அதை இங்கே எழுதமாட்டேன். அது ஒரு கோபம், இது வேறு கோபம். இரண்டையும் கலக்காதே.

பாலம் எப்படி இருக்கிறது என்று மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு பஸ் ஏறினால் பாலம் நிறைந்துவிடும். நடந்து போகிறவர்கள் கைப்பிடிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பள்ளத்தைப் பார்த்த கீழ்ப்பக்கச் சுவர் லொறி மோதி ஒரு துண்டு உடைந்து கிடக்கிறது. அதில் இன்றும் ஒரு மூங்கிலும் சிவப்புத் துணியும்தான். இப்போது வாகனங்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து வருவதால் மெதுவாக வருகின்றன. அகலமாக்கினால் காத்திருக்கமாட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் வேகமாக வருவார்கள். அப்போதும் மனிதருக்கு இடம் கிடையாது. டிலானி தினமும் அந்தப் பாலத்தில் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான்.

வீதியில் யார் எப்படிச் சாகிறார்கள் என்று எண்ணுவது உன் தொழில். உன் சொந்த மச்சானை எண்ணத் தெரியவில்லையா?

ஜெயராணி

*

கொழும்பு 6
2025 ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன் பலர் கைக்குப் போனது. தபால் பிரிவில் திறந்து, இந்த வீதித் திட்டத்தைப் பற்றியது என்று கண்டு, பொதுமக்கள் கருத்து என்று முத்திரை குத்தி, இலக்கம் போட்டு, சிங்களத்தில் மொழிபெயர்த்து எங்கள் தலைவரின் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். "அன்புள்ள என்று எழுதவில்லை, கவனித்துக்கொள்" என்ற வரியையும் அக்கறையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். உதவியாளர் நஸ்லியா கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சேர், இது உங்கட தாத்தாவா?" என்று கேட்டார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. ஆமாம் என்றேன். "சரியான கோவத்துல ஈக்கிறாங்க போல" என்றார். இனிமேல் மேலே எழுதியிருக்கும் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். முழு விலாசம் உறையின் பின்புறம் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வீதி விபத்து மரணம் என்பது வாகனம் சம்பந்தப்பட்ட மரணம். வாகனம் மோதியிருக்க வேண்டும், அல்லது மோதலைத் தவிர்க்கப் போய் நடந்திருக்க வேண்டும். அதைப் பொலிஸ் விபத்தாகப் பதிந்திருக்க வேண்டும். கித்துல் ஓயாப் பாலத்துக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. இல்லாததை நான் இருக்கிறது என்று எழுத முடியாது. அது என் மச்சான் என்பதற்காகவும் எழுத முடியாது. எழுதியிருந்தால் அதுதான் பிழை.

உங்கள் கடிதத்துக்கு இலக்கம் விழுந்துவிட்டதால் அதற்குப் பதில் எழுதவேண்டிய கட்டாயம் எங்களுக்கு வந்தது. அதற்காக மச்சானின் மரண விசாரணை அறிக்கையை எடுத்தோம். நீங்கள் அதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கிடைத்தது மரணச் சான்றிதழ் மட்டும், அதில் நீரில் மூழ்கி என்று மட்டும்தான் இருக்கும். விசாரணை அறிக்கையில், அவருக்குப் பின்னால் நடந்து வந்த ராக்கம்மாவின் சாட்சி சிங்களத்தில் இருக்கிறது. கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தமிழில் தருகிறேன்: "இறந்தவர் சிறுநீர் கழிப்பதற்காகப் பாலத்தின் ஓரத்துக்குச் சென்றபோது, கைப்பிடிச் சுவர் உடைந்திருந்த இடத்தில் தவறி ஓயாவில் விழுந்தார்."

அன்று வைத்தியசாலையில் இதை வாசித்தபோது நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அங்கிருந்து நேராகத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் எழுதமாட்டேன் என்ற அந்தச் சொல் எனக்கு அங்கிருந்து வந்தது. நிதானத்தில் இருக்கிற மனிதன் ஓயா பெருகி ஓடும்போது பாலத்தின் நடுவில் அதற்காக நிற்கமாட்டான் என்று நினைத்தேன். சொன்ன இடம் பிழை, சொன்ன நேரம் பிழை. ஆனால் நான் கற்பனை செய்து சொல்லவில்லை. இரண்டு வருடமாக என்னை ஒரு பொய்க்காரனாக வைத்திருக்கிறீர்கள். எனக்கும் கோபம் இருக்கிறது, அக்கா.

யோகராஜ்

*

நெல்லிமலை
2025 ஜூன் 22

யோகராஜுக்கு,

இதையும் உன் அலுவலகத்துக்குத்தான் அனுப்புகிறேன். வேண்டுமென்றே. முத்திரை குத்தட்டும். மொழிபெயர்ப்பவர் கவனமாக மொழிபெயர்க்கட்டும். ஏன் என்று கீழே தெரியும்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று மாலையே ராக்கம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனேன். அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். நீ எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ரொட்டியைத் திருப்ப மறந்துவிட்டார்.

"யாரு சொன்னது? நானா?"

"நீங்க சொன்னதாத்தான் எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து."

"நான் சொன்னது, பஸ்ஸு வந்துச்சு, அவரு ஒதுங்குனாரு, விழுந்துட்டாருன்னு. அதுல ஒண்ணுக்கு எங்கம்மா வந்துச்சு?"

"ஒதுங்குனாருன்னு சொன்னீங்களா?"

"ஒதுங்காம? பஸ்ஸுக்கு முன்னாடி நின்னு கும்புடவா முடியும்? நானுந்தான் ஒதுங்குனேன். நான் நல்ல செவுத்துப் பக்கம், அவரு ஒடஞ்ச செவுத்துப் பக்கம். ஒதுங்குறதுன்னா அதுதான்னா, அப்ப நானும் நடுப்பாலத்துல குந்திக்கிட்டு இருந்தேனா? எழுதுனவன வரச் சொல்லு. ரொட்டிக் கட்டையோட பேசிக்கிறேன்."

எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. ராக்கம்மாவுக்குச் சிங்களத்தில் சாட்சி சொல்லும் அளவுக்குப் பேச்சு இல்லை. அன்று இடையில் நின்று மொழிபெயர்த்தது அஸ்ஃபர். ஞாபகம் இருக்கும், சந்தியில் ஆட்டோ ஓட்டுபவர். உன் மச்சானை ஓயாவிலிருந்து தூக்கித் தன் வண்டியில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அடுத்த நாள் அவரைக் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அல்லாஹ் அறிய நான் பொய் சொல்லல்ல. அந்த அம்மா பதறிப் பதறி ஒதுங்கினாரு, ஒதுங்கினாருன்டுதான் சொன்னாங்க. பஸ்ஸப் பத்தியும் என்னமோ சொன்னாங்க, பஸ்ஸால எறங்கி வந்தத சொல்றாங்கன்டு நெனச்சேன். நாங்க ஒதுங்கப் போறண்டா அதுக்குத்தானே சொல்ற. மவுத்தான மனிசன்ட விஷயம். பொலிசுக்கு முன்னுக்கு நேரா சொல்ல வெக்கமா இருந்திச்சு. அதால நல்ல மரியாதையான சிங்களத்துல சொன்னேன்."

விளங்குகிறதா? நாங்களும் அந்தச் சொல்லை அதற்குச் சொல்வதுதான். வெளியே ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று நானே சொல்வேன். ஆனால் பஸ் வரும்போது பாலத்தில் ஒதுங்குவது என்றால் தோட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே "ஒதுங்கு, ஒதுங்கு" என்றுதான் கற்றுக்கொடுக்கிறோம். அஸ்ஃபர் ஆட்டோவில் போகிறவர். அவருக்கு அந்தப் பாலத்தில் ஒதுங்கவேண்டி வந்ததில்லை.

அஸ்ஃபர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கப்பட்டுச் சொன்ன மனிதர். எனக்குக் கோபம் உன் மேல். உனக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். அதைச் சிங்களத்தில் கேட்டதும் ராக்கம்மாவைத் தேடிவந்து "என்ன சொன்னீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் அன்று அழுதுகொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நீ கேட்கவில்லை. தோட்டத்து ஆள், குடித்திருப்பான் என்று உனக்கு உடனே பொருந்திவிட்டது. அதே தோட்டத்து லயத்தில் பிறந்த நீ.

அவர் குடித்ததே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தீபாவளிக்குக் குடிப்பார், திருவிழாவுக்குக் குடிப்பார். அன்று வேலை முடிந்து டிலானிக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். குடிக்கவில்லை.

இனி உன் அலுவலகத்துக்கு எழுதுகிறேன். ஐயாமாரே, பஸ்ஸுக்கு வழிவிடப் போய் ஒரு மனிதன் உங்கள் பாலத்திலிருந்து விழுந்து இறந்தான். சாட்சி ராக்கம்மா உயிரோடு இருக்கிறார். "இல்லை" என்பதை அழியுங்கள். நடைபாதை போடுங்கள்.

ஜெயராணி

*

கொழும்பு 6
2025 ஜூலை 1

அக்காவுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதத்துக்கும் இலக்கம் விழுந்தது. ராக்கம்மா சொன்னதைக் கூட்டத்தில் வாசித்தார்கள். ரொட்டிக் கட்டை வந்தபோது சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கிருஷாந்தி என்று எங்களோடு வேலை செய்யும் பொறியியலாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "இந்த ஒரு சொல்லாலயோ எல்லாம் இப்பிடிப் போனது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். 

நான் ராக்கம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றி நேரில் பேசுகிறேன்.

இப்போது செய்யக்கூடியதை எழுதுகிறேன். மரண விசாரணையைத் திருத்தக் கேட்கலாம். ராக்கம்மா மறுபடி சாட்சி சொன்னால் பொலிஸ் அதை வீதி விபத்தாகப் பதியலாம். பதிந்தால் எங்கள் அட்டவணையில் அது ஏறும், நடைபாதைக்கு வலுவான காரணம் கிடைக்கும். ஆனால் விபத்துப் பதிவில் வாகனம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். வாகனம் இல்லாமல் விபத்து இல்லை. பஸ்ஸின் இலக்கம், சாரதியின் பெயர் இரண்டும் தேவை. தெல்தெனியவிலிருந்து மாலையில் அந்தப் பக்கம் வரும் பஸ்கள் அதிகம் இல்லை. ராக்கம்மாவுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். எழுதி அனுப்புங்கள். கருத்துக் கோப்பை மூடுவதற்கு முன் இதைச் செய்யவேண்டும்.

தயவுசெய்து இந்த முறை வீட்டு விலாசத்துக்கு.

யோகராஜ்

*

நெல்லிமலை
2025 ஜூலை 9

யோகராஜுக்கு,

வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீ கேட்டதற்காக அல்ல. இதில் முத்திரை விழக்கூடாத விஷயம் இருக்கிறது.

பஸ் எது என்று எனக்குத் தெரியும். தோட்டம் முழுவதற்கும் தெரியும். ஓட்டியவர் யார் என்றும் தெரியும். பெயரை உனக்கும் சொல்லமாட்டேன்.

அந்த மனிதர் மெதுவாகத்தான் வந்தார். ராக்கம்மா அதையும் சொல்கிறார். மழை, இருட்டும் நேரம், முன் விளக்குப் போட்டிருந்தார், ஹோன் அடிக்கவில்லை. பஸ் யார் மேலும் படவில்லை. பாலம் பஸ்ஸின் அகலம், அவ்வளவுதான். அடுத்த நாள்தான் விஷயம் தெரிந்து ஓடிவந்தார். நீ கதிரையில் உட்கார்ந்திருந்தபோது முற்றத்தில் நின்று அழுதவர்களில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து பாலத்தில் ஒரு ஆள் நின்றாலும் அவர் பஸ்ஸைப் பாலத்தில் ஏற்றுவதில்லை. கரையில் நிறுத்தி, கடைசி ஆள் பாலத்தைத் தாண்டும்வரை காத்திருக்கிறார். பின்னால் வருகிற லொறிக்காரன்கள் அவர் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டுகிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை.

வீதியை இடமில்லாமல் கட்டியவன் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. உடைந்த சுவரைக் கட்டாமல் மூங்கில் கட்டிவிட்டுப் போனவன் பெயர் தேவையில்லை. பஸ் ஓட்டியவன் பெயர் மட்டும் தேவை. ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அதில் ஒரு மனிதனைப் போட்டு நிரப்பவேண்டும். அவரைப் பொலிசுக்கு இழுத்து, லைசன்ஸைப் பறித்து, வழக்குக்கு அலையவிட்டு, அப்படியாவது எங்களுக்கு நடைபாதை வேண்டுமா? வேண்டாம். ஆனால் நடைபாதை வேண்டும். அவரைக் கொடுக்காமல் அதை எப்படி வாங்குவது என்று யோசிப்பதுதான் நீ படித்த படிப்பு.

இன்னொன்று. பாலத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணியதாகப் புத்தகத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பேராம், ஒரு காலையில். மறுபடி போய்ப் பார்த்து, எண்ணிய தேதியைக் குறித்துக்கொண்டு வந்தேன். சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த நாள். பள்ளிக்கூடம் இல்லை, கார்மெண்ட் இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அன்று உன் ஆட்கள் பாலத்தில் நின்றபோது அவர்களுக்குப் பலகாரம் கொடுத்ததாக ராக்கம்மா சொல்கிறார். அவரையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள்.

பள்ளிக்கூட நாளில் வா. காலையில் வா. பளபளக்கும் சட்டை போடாதே, தலைக்கவசம் போடாதே. கையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நட. பஸ் வரும், லொறி வரும். என்ன செய்கிறாய் என்று பார்.

"நேரில் பேசுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நேரில் பேச வீட்டுக்கு வரவேண்டும். வரச் சொல்லி நான் எழுதவில்லை.

ஜெயராணி

*

கொழும்பு 6
2025 ஓகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. முந்தின நாள் கண்டியில் தங்கி, விடிந்ததும் தெல்தெனியவுக்கு வந்து அங்கிருந்து பஸ்ஸில் ஏறிப் பாலத்துக்குச் சற்று முன்பே இறங்கினேன். சாதாரணச் சட்டை, கையில் ஒரு பை.

பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். டிலானியும் இருந்தாள். என்னைக் காணவில்லை. கண்டாளோ தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் பாலத்தின் நடுவில் இருந்தபோது ஒரு மணல் லொறி வந்தது. எனக்கு முன்னால் நடந்த இரண்டு சின்னப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல், சுவரில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டார்கள். நான் உடைந்த சுவர்ப் பக்கம். மூங்கிலைப் பிடித்தேன், அது ஆடியது. லொறியின் பக்கக் கண்ணாடி என் பையை உரசிக்கொண்டு போனது. இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். எத்தனையோ பாலங்களை அளந்திருக்கிறேன், எல்லாவற்றையும் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கும்போதுதான். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் கரைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருந்தபோது ஒரு பஸ் வந்து பாலத்துக்கு முன்னால் நின்றது. பிள்ளைகள் எல்லாரும் தாண்டும்வரை நின்றது. பின்னால் லொறிக்காரன் கத்தியதையும் கேட்டேன். பஸ்ஸின் இலக்கத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் போய் அலுவலகத்தில் சண்டை போட்டேன். எண்ணிய நாள் பிழை, பொலிஸ் பதிவை மட்டும் நம்பியது பிழை, மறுபடி செய்யவேண்டும் என்றேன். தலைவர் கோப்பில் உங்கள் கடிதங்களைக் காட்டி, "யோகராஜ், இது உங்க குடும்பச் சண்டை. வீதி ஆய்வுக்குள்ள கொண்டுவராதீங்க" என்றார். "சேர், செத்தது என் குடும்பம். நடக்கிறது முழுத் தோட்டம்" என்றேன். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட பகுதியில் நான் இருக்கக்கூடாது என்று கித்துல் ஓயாவை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விதிப்படி அது சரி. ஆனால் நீங்கள் அலுவலகத்துக்கு எழுதிய கோபத்துக்கு நான் கொடுத்த விலை அது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எடுத்து, கிருஷாந்தியிடம் கொடுத்தார்கள். அவர் என்னைவிடப் பிடிவாதக்காரி. பள்ளிக்கூட நாட்களில் பாலத்தின் இரண்டு பக்கமும் கமரா பூட்டினார். மோதலே நடக்காமல், மனிதர் உயிர் பிழைக்க விலகவேண்டி வரும் தருணங்களை எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பொலிஸ் பதிவும் வேண்டாம், வாகன இலக்கமும் வேண்டாம், சாரதி பெயரும் வேண்டாம். எனக்கு முன்பே தெரிந்த முறைதான். பெரிய வீதிகளுக்குத்தான் செய்வோம். கூட்டத்தில் அந்தப் படத்தை ஓடவிட்டு, "சேர், எண்ணிப் பாருங்கோ. நான் எண்ணி முடிய மத்தியானம் ஆயிட்டுது" என்றாராம்.

முடிவு இது. நடைபாதை உண்டு. ஒரு பக்கம் மட்டும். பாலத்தின் மொத்த அகலம் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டதால் இரண்டு பக்கத்துக்கும் இடம் வராது என்கிறார்கள். மற்றப் பக்கத்துக்குப் புதுச் சுவர் மட்டும். அட்டவணையில் மரணம் இன்னும் "இல்லை" என்றுதான் இருக்கிறது. பதிவு மாறாமல் அதை மாற்ற முடியவில்லை. அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் கிருஷாந்தி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "வாகனத்துக்கு வழிவிட்டு விலகும்போது ஒருவர் ஓயாவில் விழுந்து இறந்துள்ளார்." ஒதுங்கும்போது என்று அவர் எழுதவில்லை.

மச்சான் விழுந்தது கீழ்ப்பக்கம் என்பதால் வரைபடத்தில் நடைபாதையைக் கீழ்ப்பக்கம் போட்டிருக்கிறார்கள். ஊர் மக்கள் வேறு விதமாகச் சொன்னால் மாற்றலாம். இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் வரவேண்டும். இதை அலுவலகத்துக்கே அனுப்புங்கள்.

அன்று மச்சானைப் பற்றி நான் சொன்னது பிழை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யோகராஜ்

*

நெல்லிமலை
2025 ஓகஸ்ட் 17

யோகராஜுக்கு,

இதோடு இரண்டு கடிதம் எழுதுகிறேன். ஒன்று உன் அலுவலகத்துக்கு, தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டது. அதில் கோபம் இல்லை, முத்திரை குத்துகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இது உன் வீட்டுக்கு.

நடைபாதையை மேல்பக்கம் போடச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

கோயில் முற்றத்தில் கூடிப் பேசினோம். எல்லாரும் கீழ்ப்பக்கம்தான் என்றார்கள். எனக்காகச் சொன்னார்கள். "அவரு விழுந்த பக்கந்தான் போடணும். அவரு உசுரக் குடுத்து வாங்குன பாதையில்ல?" என்று ராக்கம்மா எழுந்து நின்று சொன்னார். கை தட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். லயங்கள் இருப்பது வீதியின் மேல்பக்கம். பள்ளிக்கூடத்துப் பாதை பிரிவதும் மேல்பக்கம். கீழ்ப்பக்கம் நடைபாதை போட்டால் பிள்ளைகள் பாலத்துக்கு முன் ஒரு தடவை, பாலத்துக்குப் பின் ஒரு தடவை என்று வீதியைக் குறுக்கே கடக்கவேண்டும். அந்த இரண்டு இடமும் வளைவு. அகலப்படுத்திய பிறகு லொறி வருகிற வேகத்துக்கு வளைவில் பிள்ளை நிற்பது தெரியாது. உன் கிருஷாந்தியும் அதைக் கவனிக்கவில்லையா, அல்லது செத்தவருக்கு மரியாதை என்று விட்டுவிட்டாரா? எங்களை மரியாதையாகக் கொன்றுவிடாதீர்கள் என்று அவரிடம் சொல்.

"அப்ப ஒம் புருஷன் விழுந்த பக்கத்த விட்டுர்றியா?" என்று ஒருத்தி கேட்டாள். விட்டுவிடுகிறேன் என்றேன். அவருக்கு ஞாபகச் சின்னம் நான் கேட்கவில்லை. நடக்க இடம் கேட்டேன். அவர் பக்கத்துக்கு நல்ல சுவர் கட்டட்டும், போதும். பிறகு எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ராக்கம்மா கடைசியாகப் போட்டார். போடுவதற்கு முன் அந்தக் கடிதத்தை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

அட்டவணையில் இன்னும் "இல்லை". என் புருஷன் அடியில் சின்ன எழுத்து. அதற்கு என் கோபம் ஆறவில்லை, ஆறாது. சாரதியை இழுக்காமல் மரண விசாரணையை மாற்ற வழி இருக்கிறதா என்று கண்டியில் ஒரு சட்டத்தரணியைக் கேட்கப் போகிறேன். வழி இல்லை என்றால் சின்ன எழுத்திலேயே இருக்கட்டும். கித்துல் ஓயாவை உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கணக்குச் சொல்கிறாய். நான் கோபத்தை அலுவலகத்துக்கு எழுதியிராவிட்டால் அந்தப் புத்தகம் நூலோடு மேசையில் கிடந்து, ஒரு நாள் பாலமாகியிருக்கும். அதில் நான்காவது பெயர் உன்னுடையதாகவே இருந்திருக்கும்.

இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்கிறாய். சொல்லித் தருகிறேன். அதை எனக்கு எழுதாதே.

அன்று நீ வாசலில் கதிரையில் உட்கார்ந்து, "குடிச்சிட்டுப் பாலத்துல ஒண்ணுக்கு நின்னா இப்படித்தான் முடியும்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னபோது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதங்களை ஒளித்துத்தான் வைத்திருந்தேன். போன வாரம் டிலானி எடுத்து எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தபோது குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "அப்பா பஸ்ஸுக்கா ஒதுங்குனாரு?" ஆமாம் என்றேன். "மாமா சொன்ன மாதிரி இல்லையா?" என்றாள்.

அவள் அன்று ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறாள். தோட்டத்தில் பஸ் என்று சொல்வதெல்லாம் அப்பாவின் மானத்தைக் காக்கத்தான், கொழும்பில் படித்து வேலை செய்கிற மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். இரண்டு வருடம் அவள் அப்பாவின் பேச்சை எடுக்காததைத் துக்கம் என்று நினைத்துவிட்டேன், யோகராஜ். பள்ளிக்கூடத்தில் அப்பா எப்படிச் செத்தார் என்று யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். தன் அப்பாவை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறாள்.

அவளுக்கு எழுது. நீண்ட கடிதம் வேண்டாம், உன் அலுவலகத் தமிழும் வேண்டாம். அப்பா குடித்திருக்கவில்லை, பஸ் வந்தது, ஒதுங்கினார், விழுந்துவிட்டார், நான் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுது. உன் பெயரை முழுதாகப் போடு.

அவள் அதற்குப் பதில் எழுதினால், எழுதினால்தான், வீட்டுக்கு வா.

ஜெயராணி